பழைய மெழுகு

நமது தங்கையின் மகளுக்குச் சென்ற ஆண்டு தை மாதத்தில் திருமணம் நடந்தது. மணப்பெண்ணை எந்த வண்டியில் அழைத்துச் செல்வது என்ற பேச்சு வந்தபோது, "தாத்தாவின் காரில்தான் போவேன்" என்று அப்பெண் உறுதியாகச் சொல்லிவிட்டாள். ரெம்பாவ் பட்டணத்தில் வாடகைக்கு வண்டி கிடைக்காமல் இல்லை. சிரம்பானுக்குப் போனால் அலங்கரித்த பெரிய வண்டிகளே கிடைக்கும். ஆயினும் அவ்வார்த்தைக்கு மறுவார்த்தை சொல்ல நம் வீட்டில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆகவே, கொட்டகையில் போர்வை மூடிக் கிடந்த ஒரு பழைய வண்டிக்குப் புதுப் பொலிவு தரும் பொறுப்பு நம்மேல் விழுந்தது. அப்பொறுப்பை நிறைவேற்றப் புகுந்த நான்கு நாட்களில் நாம் கற்றுக்கொண்ட தொழில் விஷயங்களையும், நம்முடைய பழைய பொய்யொன்று வெளிப்பட்ட விதத்தையும் வாசகர்களிடம் மறைக்காமல் சொல்ல விரும்புகிறோம்.

வண்டி, புரோட்டோன் சாகா. 1985-ம் வருஷம் ஜூலை மாதம் 9-ந் தேதி வெளியிடப்பட்ட இந்நாட்டுச் சொந்த வண்டி அது. ஜப்பானிய மிட்சுபிஷி வண்டியொன்றை அடிப்படையாகக் கொண்டு ஷா ஆலமில் கட்டப்பட்டது. நாம் அறிந்த தோட்டத்துக் குடும்பங்களில் முதன்முதலாகக் கார் வாங்கியவர் பலர் வாங்கியது இதனையே. நமது தகப்பனார் ரெம்பாவை அடுத்த ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டியவர். தாயார் அதே தோட்டத்தில் பால் வெட்டியவர். இருவரும் பல ஆண்டுகள் சேர்த்த பணத்தில், 1990-ம் வருஷத்தில், ஒருவர் ஓட்டிக் கழித்த சிவப்பு நிற வண்டியொன்றை வாங்கினார்கள். அது லயத்து வாசலில் வந்து நின்ற மாலையில், பக்கத்து வீட்டுக் குழந்தைகளெல்லாம் அதன் கதவில் தங்கள் முகம் தெரிவதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அன்று முதல் தகப்பனாருக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுமுன், வண்டியைக் கழுவித் துடைத்து, வட்டத் தகர டப்பாவிலிருந்து மஞ்சள் மெழுகைப் பழைய வேட்டித் துணியில் தொட்டுப் பூசுவார். அது காய்ந்து வெண்மை பூத்ததும் வேறொரு துணியால் தேய்த்து மெருகேற்றுவார். லோரியின் சேற்றிலும் எண்ணெயிலும் ஆறு நாள் உழன்ற கை, ஏழாம் நாள் அந்தக் கதவின்மேல் எவ்வளவு மென்மையாக நடந்தது என்பதை நாம் இன்றும் காண்கிறோம். தோட்டத்தில் பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது; நாம் லயத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தோம்; தகப்பனார் ஓய்வு பெற்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம் மாத்திரம் மாறவில்லை. அவருக்கு உடல் தளர்ந்த பிறகு, நாம் வண்டியை வெளியூர்க் கடையொன்றுக்குக் கொண்டு சென்று, புதிதாக வந்த செயற்கைக் காப்புப் பூச்சு ஒன்றைப் பூசச் செய்தோம். ஓராண்டு நிற்கும் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். மூன்றாம் மாதமே அது திட்டுத் திட்டாக மங்கிப் போயிற்று. தகப்பனார் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல், தம் டப்பாவை எடுத்து அதன்மேல் மெழுகைத் தேய்த்தார். அதற்குப் பிறகு சில ஞாயிறுகளே அவருக்கு வாய்த்தன.

நிற்க. மணப்பெண்ணின் அண்ணன், அதாவது நமது தங்கை மகன், செம்போங்கில் தொழிற்சாலை வேலை பார்த்தவன். அதை விட்டுவிட்டு, ரெம்பாவில் கார் கழுவி மெருகேற்றும் கடையொன்றைக் கடன் வாங்கித் தொடங்கியிருக்கிறான். அவனிடம் நாம், "ஒரு முறை கழுவி ஒரு கை மெழுகு போட்டுக் கொடு; ஒரு மணி நேரம் போதும்" என்றோம். அவன் வண்டியைச் சுற்றி வந்து, கதவு ஓரங்களையும் எழுத்துப் பட்டையின் இடுக்குகளையும் விரல் நகத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான்கு நாள் வேண்டும், மாமா. அதில் இரண்டரை நாள் பழைய மெழுகை எடுப்பதற்கே சரியாகும். இதன்மேல் இப்போது எதைப் போட்டாலும் நிற்காது" என்றான்.

நமக்குக் கோபமே வந்தது. "அது உன் தாத்தா கையால் போட்ட மெழுகு. அதைச் சுரண்டி எறியவா வண்டியை உன்னிடம் விடுகிறோம்?" என்று கேட்டோம். பையன் தலை குனிந்து நின்றான். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொண்டிருந்த தாயார்தான் வாய் திறந்தார்: "ஒட்டுப்பாலை உரிக்காமல் யாராவது மரம் வெட்டுவார்களா? வெட்டினால் பால் மங்குக்கு வருமா, மரத்தோடு வழிந்து போகுமா? பையன் சொல்வது சரிதான்."

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. பட்டணத்து வாசகர்களுக்காகச் சொல்லுகிறோம். பால்மரத்தின் வெட்டுக் கோட்டில் முன்னாள் வழிந்த பால் காய்ந்து, ரப்பர் நாடாவைப் போல் ஒட்டிக் கிடக்கும். வெட்டுபவர் மரத்தண்டை வந்தவுடன் முதலில் செய்யும் வேலை அந்த நாடாவை உரித்துக் கூடையில் போடுவதே. பிறகுதான் கத்தி பட்டையைத் தொடும். உரிக்காமல் வெட்டினால், கத்தி வழுக்கும். புதுப்பால் பழைய பாலில் முட்டி, கோட்டை விட்டுத் திசை மாறி வழியும். நமது தாயார் இருபத்தெட்டு ஆண்டுகள் விடியற்காலையில் செய்த வேலை அது. அவர் தீர்ப்புக்குமேல் நமக்கு மேல்முறையீடு ஏது? வண்டிச் சாவியைப் பையனிடம் கொடுத்தோம். கூட இருந்து பார்க்கவும் தீர்மானித்தோம்.

பழைய மெழுகின்மேல் புதுப் பூச்சு ஏன் நிற்பதில்லை? இதைச் சிறிது ஆராய்வோம். மெழுகின் குணமே தன்மேல் எதையும் ஒட்டவிடாமை. நீரை முத்து முத்தாக உருட்டி விடுவதும், தூசியை எளிதில் துடைக்க விடுவதும் அக்குணத்தினால்தான். நாம் புதிதாகப் பூசும் மெழுகையோ காப்புப் பூச்சையோ அது விருந்தினராகக் கருதி வரவேற்பதில்லை. அதையும் தள்ளிவிடவே பார்க்கிறது. செயற்கைக் காப்புப் பூச்சுகள் வண்டியின் சாயத்தை நேரே பற்றி நிற்கும்படி செய்யப்பட்டவை; இடையில் மெழுகு இருந்தால் அவை பற்றுவதற்குச் சாயம் அகப்படுவதில்லை. இந்நாளில் பெரிய விலைக்குப் பூசப்படும் செராமிக் என்னும் மணற்சத்துப் பூச்சுக்கும் இதே விதி; அதற்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். அன்றியும், பழைய மெழுகு வெறும் மெழுகாக இருப்பதில்லை. சாலைத் தூசி, தார்ப் புள்ளி, மரப்பிசின், பறவை எச்சத்தின் கறை எல்லாம் அதில் புதைந்து கிடக்கின்றன. அவற்றின்மேல் மெருகேற்றுவது, அழுக்கைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும். வெளியூர்க் கடையில் பூசிய பூச்சு மூன்று மாதத்தில் போனதன் இரகசியம் இப்போதுதான் நமக்குப் புலப்பட்டது. அவர்கள் தகப்பனாரின் மெழுகின்மேலேயே பூசியிருக்கிறார்கள்.

தகப்பனாரின் டப்பாவைப் பையன் திருப்பிப் பார்த்து, இது கர்னோபா மெழுகு என்றான். கர்னோபா என்பது பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒருவகைப் பனை. வறட்சி மிகுந்த அந்நிலத்தில், இலையின் ஈரம் வெயிலில் ஆவியாகிப் போகாதபடி அம்மரம் தன் இலைகளின்மேல் மெழுகைச் சுரந்து போர்த்துக் கொள்கிறது. இலைகளை வெட்டி, வெயிலில் உலர்த்தி, தட்டி உதிர்த்து, உருக்கி அம்மெழுகை எடுக்கிறார்கள். 80 பாகைக்கு மேற்பட்ட சூட்டிலேயே உருகும் கடின மெழுகு அது. இதைக் கேட்டபோது நமக்கு ஓர் ஆச்சரியம் உண்டாயிற்று. நம்மை இந்நாட்டுக்கு இழுத்து வந்த பால்மரமும் அதே பிரேசிலிலிருந்து வந்ததுதானே! 1876-ம் வருஷத்தில் விக்காம் என்னும் ஆங்கிலேயர் அமேசான் ஆற்றுப் பக்கத்திலிருந்து சுமார் 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். மறு வருஷத்தில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அங்கே 1888-ல் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டார். ஒரு பிரேசில் மரத்தின் பாலை வெட்டிப் பிழைத்த குடும்பம், மற்றொரு பிரேசில் மரத்தின் மெழுகை வாங்கித் தன் காருக்குப் பூசிற்று. இரண்டும் ரெம்பாவின் ஒரு லயத்து வாசலில் சந்தித்தன.

இனி, வேலை நடந்த விதத்தைச் சொல்லுவோம். முதல் நாள் காலையில், நிழலில், வண்டியின் இரும்பு குளிர்ந்திருக்கும்போது கழுவினார்கள். வெயிலில் கழுவினால் சோப்பு நீர் காய்ந்து கறை விடும். கழுவியபின் வண்டிமேல் மெல்ல நீரை ஊற்றி, "இப்போது பாருங்கள், மாமா" என்றான் பையன். கூரையில் நீர் ஒரே படலமாகப் பரவிற்று. கதவுகளில் முத்து முத்தாக உருண்டது. முன்மூடியில் ஓரிடத்தில் பரவி, ஓரிடத்தில் உருண்டு, ஒரு தேசப்படத்தைப் போலத் தோன்றிற்று. நீர் உருளும் இடத்தில் மெழுகு இன்னும் இருக்கிறது. பரவும் இடத்தில் அது போய்விட்டது. நம் நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் எதிரே நிற்கும் கூரையில் மெழுகு சில வாரங்களுக்குமேல் தங்குவதில்லை. வெயில் நேரே படாத கதவுகளிலும் இடுக்குகளிலும் அது தங்கிப் படிந்து, பல ஆண்டுகளில் பழுப்பேறி விடுகிறது.

மெழுகை எடுக்க, வீட்டில் பாத்திரம் துலக்கும் சோப்பே போதும் என்று சிலர் சொல்வதுண்டு. அது மேலுள்ள பிசுக்கை எடுக்குமேயன்றி, பல அடுக்காகப் படிந்ததை எடுக்காது. நாமோ மண்ணெண்ணெயைச் சொன்னோம். லயத்தில் சைக்கிள் சங்கிலி முதல் கையில் ஒட்டிய தார் வரை எல்லாவற்றுக்கும் மண்ணெண்ணெய்தானே மருந்து! பையன் சிரித்து, "மண்ணெண்ணெய் மெழுகைக் கரைக்கும், மாமா, ஆனால் தன் எண்ணெய்ப் பசையை விட்டுப் போகும். ஒரு பிசுக்கை எடுத்து இன்னொரு பிசுக்கைப் பூசியது போலாகும்" என்றான். சாயப் பட்டறைகளில் மெழுகும் கிரீசும் நீக்குவதற்கென்றே ஒரு திரவம் வைத்திருக்கிறார்கள். அது மண்ணெண்ணெயின் இனமே, ஆயினும் சுத்தப்படுத்தப்பட்டது, பசை விடாமல் ஆவியாகிவிடும். அதையே அவன் கையாண்டான். தின்னரை மாத்திரம் தொடக்கூடாதென்று எச்சரித்தான். தின்னர் மெழுகோடு சாயத்தையும் கரைத்துவிடும். பெட்ரோலைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு பீடி நெருப்புக் கடையையே எரித்துவிடும்.

திறந்த வெளியில், கையுறை போட்டுக்கொண்டு, கண்ணாடி ஓரத்து ரப்பர்களையெல்லாம் நாடா ஒட்டி மறைத்தார்கள். அத்திரவம் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும் என்பது தோட்டத்தாருக்குத் தெரிந்த விஷயம். இரண்டு துணிகள். ஒன்றில் திரவத்தை நனைத்து ஒரு முழ அகலத்துக்குத் துடைப்பது. அது காயுமுன் மற்றொரு உலர்ந்த துணியால் எடுத்துவிடுவது. காயவிட்டால் கரைந்த மெழுகு மறுபடியும் அங்கேயே படிந்துவிடும். துணியின் முகத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். இல்லையேல் ஓரிடத்து மெழுகை மற்றோரிடத்துக்குச் சுமப்போம். முதல் துணி மஞ்சளாயிற்று, பின்பு பழுப்பாயிற்று, முடிவில் சிவப்பேறிற்று. சிவப்பைக் கண்டு நாம் திடுக்கிட்டோம். பையன் அமைதியாக விளக்கினான். இக்காலத்து வண்டிகளில் நிறச் சாயத்தின்மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்று இருக்கும். துணியில் நிறம் ஏறாது. இவ்வண்டிக்கு அந்தப் பூச்சு இல்லை. சாயமே வெளியில் நிற்கிறது. வெயிலில் வெந்து செத்த சாயத்தூள்தான் துணியில் வருகிறது. சிவப்பு வண்டிகள் நாளடைவில் இளஞ்சிவப்பாக வெளுத்துத் தோன்றுவதும் இத்தூளினாலேயே. இத்தனை நாளும் மெழுகு அதை ஈரமாகக் காட்டி, வெளுப்பு நம் கண்ணுக்குத் தெரியாதபடி செய்திருக்கிறது.

அன்று மாலை வண்டியைப் பார்த்தபோது நமக்கு நெஞ்சு வலித்தது. மெருகெல்லாம் போய், சுண்ணாம்பு பூத்த செங்கல்லைப் போல் நின்றது. கல்யாணத்துக்கு எட்டு நாளே இருந்தது. தங்கை வந்து பார்த்து, "அண்ணே, இதை விட முன்பிருந்ததே மேலில்லையா?" என்று நம்மைக் கேட்டாள். நமக்குப் பதில் தெரியவில்லை.

இரண்டாம் நாள், களிமண்ணைப் போன்ற ஒரு பொருளைக் கொண்டு வந்தான். ஜப்பானியர் கண்ட செயற்கைக் களி அது. வண்டியை வழுக்கும் சோப்பு நீரால் நனைத்து, அக்களியை மெல்லத் தேய்த்தால், மெழுகோடு போகாமல் சாயத்தில் தைத்து நிற்கும் துகள்களை அது பிடுங்கி எடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அத்துகள்களை அறிய ஓர் எளிய வழியுண்டு. மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு சாயத்தைத் தடவினால், மணல்தாளைப் போல் சொரசொரப்பது தெரியும். களி போட்டபின் தடவினால் கண்ணாடியைப் போல் வழுக்கும். களி கீழே விழுந்துவிட்டால் அதை எறிந்துவிட வேண்டும். ஒட்டிய ஒரு மணல் வண்டி முழுவதையும் கீறிவிடும்.

ஓட்டுநர் பக்கக் கதவில், பிடிக்குக் கீழே, களி ஓடிக்கொண்டிருந்தபோது பையன் கையை நிறுத்தினான். விரற்கடை அகலமும் ஒரு சாண் நீளமுமுள்ள ஒரு சிவப்புப் பட்டை, பட்டையாகவே பெயர்ந்து களியோடு வந்துவிட்டது. "இது கம்பெனிச் சாயமில்லை, மாமா. யாரோ தூரிகையால் பூசியிருக்கிறார்கள். மெழுகை எடுக்காமல் அதன்மேலேயே பூசியதால் சாயம் பிடிக்கவில்லை. மேலே மேலே போட்ட மெழுகுதான் இதை இத்தனை நாள் தாங்கியிருக்க வேண்டும்" என்றான். பிறகு குனிந்து பார்த்து, "உள்ளே பச்சையாக ஏதோ இருக்கிறதே" என்றான்.

அப்பச்சையை நாம் அறிவோம். அது தோட்டத்து இரும்பு வாயிற்கதவின் பச்சை.

1993-ம் வருஷத்தில் நாம் பதினெட்டு வயதினர். ஓரிரவு தகப்பனார் உறங்கியபின், அவரைக் கேளாமல் சாவியை எடுத்து, இரண்டு நண்பர்களை ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் படம் பார்க்கப் போனோம். திரும்பி வரும்போது தோட்டத்து வாயிலில் திருப்பத் தெரியாமல் கதவை உரசிவிட்டோம். மறுநாள், சந்தைப் பக்கம் வண்டியை நிறுத்தியிருந்தபோது வேறு யாரோ இடித்துவிட்டுப் போனார்கள் என்று தகப்பனாரிடம் சொன்னோம். அவர் கீறலைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், சரி என்றார். அதற்கு மறுநாள் கீறல் காணப்படவில்லை. அன்றிலிருந்து, நாம் கேட்குமுன்னே அவர் சாவியைக் கொடுக்கலானார். பொய்யை நம்பிவிட்டார் என்று எண்ணி, நாம் உள்ளூர மகிழ்ந்தோம். இது நடந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சந்தையில் இடிக்கும் வண்டிக்குத் தோட்டத்து வாயிலின் பச்சை எங்கிருந்து வரும்? வாழ்நாளெல்லாம் அவ்வாயில் வழியாக லோரி ஓட்டியவருக்கு அப்பச்சை தெரியாமலிருக்குமா? தெரிந்தே அதன்மேல் சிவப்பைப் பூசினார். அதன்மேல் மெழுகைப் பூசினார். மாதந்தோறும் பூசிக்கொண்டே இருந்தார்.

மாலையில் வீட்டுக்குப் போய்த் தாயாரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவில்லை. "பிரட்டுக்குப் போகுமுன், லயத்தில் யாரும் எழாத நேரத்தில், டார்ச் விளக்கை என்னைப் பிடிக்கச் சொல்லிப் பூசினார். கேட்கலாமே என்றேன். கேட்டால் பையன் இன்னொரு பொய் சொல்வான், வேண்டாம் என்றார்" என்றார். அவ்வளவுதான். பிறகு வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு உள்ளே போனார். நாம் வெகுநேரம் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அவரிடம் உண்மையைச் சொல்ல நமக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன! கூட நின்று வாளி நீர் ஏந்திய நாட்களில்கூட, நாம் அந்தக் கதவைப் பார்த்தும் வாய் திறக்கவில்லையே!

மூன்றாம் நாள் காலையில் பையன், "தாத்தா பூசியதில் ஓரத்தில் கொஞ்சம் இன்னும் ஒட்டியிருக்கிறது. எடுக்கவா, விடவா, மாமா?" என்று கேட்டான். எதை எடுப்பது, எங்கே நிறுத்துவது என்பதே இத்தொழிலின் உயிர்நிலை. தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்து கிடப்பதை 1931-ம் வருஷத்தில் எஸ். கே. கோவிந்தசாமி என்னும் அறிஞர் கண்டறிந்தார். பிற்காலத்தில் தொல்பொருள் துறையார் மேலடுக்கைச் சிதைக்காமல் பெயர்த்தெடுத்துத் தனிப் பலகையில் பதித்து, கீழடுக்கையும் வெளிப்படுத்தினார்கள். இரண்டும் பிழைத்தன. வேறு பல கோயில்களிலோ, தூண்களில் படிந்த சுண்ணாம்பையும் எண்ணெயையும் விரைவில் போக்க மணலை வேகமாக வீசி அடித்தார்கள். அழுக்கோடு சிற்பத்தின் கூர்மையும், கல்வெட்டின் எழுத்தும் தேய்ந்தன. பால்மரத்திலும் இதுவே நியதி. ஒட்டுப்பாலை உரிக்கலாம், பட்டையை அளவோடு சீவலாம், கத்தி மரத்தைத் தொட்டால் அக்காயம் முண்டாக நின்று, மறுபட்டை செம்மையாக வளராது.

வண்டிச் சாயமும் அளவுக்கு உட்பட்டது. பட்டறையிலிருந்து வரும் வண்டியின் பூச்சுகள் எல்லாம் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல். இக்காலத்துத் தெளிபூச்சு மாத்திரம் மனிதத் தலைமயிரின் தடிப்புக்கும் குறைவானது. மெழுகை எடுப்பதனால் சாயம் குறைவதில்லை. ஆனால் அதற்குப்பின் பாலிஷ் போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் சாயம் சிறிது குறைகிறது. ஆகவே, எடுக்க வேண்டியதை முழுதும் எடுத்துவிட்டு, தேய்க்க வேண்டியதை மிகக் குறைவாகத் தேய்ப்பதே முறை. நம்மிற் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம்.

"ஒட்டாததை எடுத்துவிடு. துரு இருந்தால் நிறுத்து. பிறகு முறைப்படி பூசு" என்றோம். ஓரிடத்தில் ஊசிமுனையளவு துரு இருந்தது. அதைத் தேய்த்து, அடிப்பூச்சு கொடுத்து, அதே சிவப்பைக் கலந்து பூசினான். இம்முறை சாயம் இரும்பைப் பற்றிக்கொண்டது. கீறலின் கீழ்முனையில் ஒரு நெல்லளவு பச்சையை மாத்திரம் அப்படியே விடச் சொன்னோம். பையன் காரணம் கேட்டான். அவனிடம் சொன்னோம். அவன் தூரிகையை வைத்துவிட்டு, சிறிது நேரம் கழித்து, "சரி, மாமா" என்றான். அவனுடைய தாத்தாவின் குரல் போலவே இருந்தது.

நான்காம் நாள், நீர் கலந்த சாராயச் சத்தால் வண்டி முழுவதையும் ஒரு முறை துடைத்து, நீர் ஊற்றிப் பார்த்தான். எங்கும் ஒரு முத்துக்கூட உருளவில்லை. எல்லா இடத்திலும் நீர் ஒரே படலமாக இறங்கிற்று. அதுவே மெழுகு முற்றும் நீங்கியதற்கு அடையாளம். பிறகு மென்மையான பாலிஷை ஒரே முறை ஓட்டி, செத்த சாயத்தை நீக்கினான். முடிவில், தகப்பனாரின் டப்பாவின் அடியில் மிஞ்சியிருந்த மெழுகை நம் கையில் கொடுத்து, "நீங்களே போடுங்கள்" என்றான். போட்டோம். நாம் முதலில் கேட்ட அந்த ஒரு மணி நேர வேலை, நான்காம் நாள் மாலையில் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கல்யாணத்தன்று வண்டி, குழந்தைகள் முகம் பார்த்த பழைய சிவப்பாகவே வாசலில் நின்றது.

இதைச் சொல்ல வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. தங்கை மகனின் கடைக்கு வருகிறவர்களில் பலர், மெழுகு எடுக்க ஒரு நாள் வேண்டும், அதற்குத் தனிக் கூலி உண்டு என்று அவன் சொன்னவுடன், "ஏமாற்றுகிறான்" என்று முணுமுணுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே அரை மணியில் பளபளவென்று செய்து கொடுக்கிறார்கள். அந்தப் பளபளப்புக்குப் பாதி விலை. மூன்று மாத ஆயுள். பையனுக்கோ மாதக் கடன் கட்ட வேண்டியிருக்கிறது. நீயும் அவர்களைப் போலச் செய்தால் என்ன என்று ஒரு நாள் அவன் மனத்தை அறிவதற்காகக் கேட்டோம். "மேலே பூசிக் கொடுத்தால் அவர்களுக்குத் தெரியாது, மாமா, எனக்குத் தெரியுமே" என்றான். நம்மால் அதற்குமேல் பேச முடியவில்லை.

வாசகர்களே! உங்கள் ஊரிலும் இப்படி ஓர் இளைஞன் இருக்கக்கூடும். காருக்கோ, வீட்டுச் சுவருக்கோ, மரச்சாமானுக்கோ புதுப் பூச்சுப் போட நீங்கள் போகும்போது, பழையதை எடுக்க அவன் ஒரு நாள் கேட்டால், அந்நாளைக் கொடுங்கள். அந்நாளுக்குரிய கூலியையும் முகம் சுளிக்காமல் கொடுங்கள். வேலை பாதியில் நிற்கும்போது உங்கள் பொருள் முன்னிலும் மோசமாகத் தோன்றும். அப்போது நம் தங்கையைப் போல் கலங்காதீர்கள். நம்மைப் போல் கோபிக்கவும் செய்யாதீர்கள். உங்கள் வீட்டில் வயதான தகப்பனார் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி துடைத்துக் கொண்டிருந்தால், ஒரு துணியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். சொல்ல வேண்டியது ஏதேனும் இருந்தால், கதவு காயுமுன் சொல்லிவிடுங்கள்.